பன்னிரண்டு கட்டில் போட்ட வீடு

அன்புள்ள தங்கராசுக்கு,

நீ அனுப்பிய கடிதமும் பிளானும் போன கப்பலில் வந்து சேர்ந்தன. கவர் நனைந்திருந்தது. உன் அம்மா கடிதத்தைக் கொடியில் போட்டுவிட்டு, பிளானை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைத்தாள். அதனால் உன் பெண்கள் வார்டில் இப்போது ரசம் வாடை அடிக்கிறது. மற்றபடி சேதம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த பிறகு பிளாட்பாரத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவர்கள் உடம்பு தேறும்வரை தங்க ஓர் இல்லம் என்று எழுதியிருக்கிறாய். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதமே மதராஸில் உனக்கு இப்படி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். “அப்பா, நீங்கள் பார்த்து ஒரு தப்பாவது சொல்ல வேண்டும்” என்று வேறு கேட்டிருக்கிறாய். மூன்று நாள் பார்த்தேன். தலைகீழாக வைத்தும் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் இதே மாதிரி ஒன்று கட்டியிருக்கிறேன். அதிலும் ஒரு தப்பும் இல்லை. நாலே நாளில் காலியாகிவிட்டது. அந்தக் கதையை உனக்கு இதுவரை சொல்லவில்லை. உன் அம்மா பாதியைச் சொல்லியிருப்பாள், என்னை யார் எதால் அடித்தார்கள் என்கிற பாதியை. மீதியை நான் எழுதுகிறேன். உன் ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டு. சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்போது நீ இரண்டாம் வகுப்பு. இங்கே போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில், மராமத்து இலாகா கொடுத்த மரக் குடிசையில் இருந்தோம். வருடத்தில் எட்டு மாதம் மழை. அந்த எட்டு மாதமும் நம் கட்டில் ஓர் இடத்தில் நிற்காது. ஒழுகுகிற இடத்திலெல்லாம் உன் அம்மா பாத்திரம் வைப்பாள், பிறகு சமைக்கப் பாத்திரம் இருக்காது. நான் கட்டட மிஸ்திரி. அதிகாரிகள் வீட்டுக்கு நான் போட்ட கூரை எதுவும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அதே கையால் நம் கூரையைச் சரிசெய்ய இலாகா தகரம் தராது. மூன்று வருடம் எழுதிக் கேட்டேன். நாலாம் வருடம், குடிசை ஒழுகுகிறதா என்று பார்க்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் கோடைக்காலத்தில் வந்து பார்த்துவிட்டு ஒழுகவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஜெட்டி ஷெட் உனக்கு நினைவிருக்கும். கப்பல் மாதத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். அந்த ஷெட்டில் எந்நேரமும் இருபது முப்பது பேர் படுத்திருப்பார்கள். காட்டுக் கேம்பில் மரம் வெட்டிக் கையோ காலோ நசுங்கி, ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்கள். கேம்புக்குத் திரும்பிப் போனால், வேலை செய்யாதவனுக்கு அங்கே இடமில்லை. ஊருக்குப் போகலாம் என்றால் கப்பல் இல்லை. ஷெட்டின் ஈரத் தரையில் படுப்பார்கள், புண் பழுக்கும், மறுபடி ஆஸ்பத்திரி. ஆபீஸ் காகிதத்தில் இவர்களுக்கு ‘வீடற்றோர்’ என்று பெயர். அந்தப் பெயரை எழுதியவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, அவருடைய மேஜை, அவர் வீட்டு உத்தரம், கதவு, கட்டில் எல்லாம் இவர்கள் வெட்டிய மரம். போர்ட் பிளேர் முழுக்க இவர்கள் வெட்டிய மரத்துக்குள்ளேதான் படுத்துத் தூங்கியது. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு வங்காளி டாக்டர் இருந்தார். குள்ளமான ஆள், மூக்குக்கு மேல் கோபம். “ஒரே சட்டையை எத்தனை தடவை தைப்பது?” என்று மேலிடத்தில் சண்டை போட்டு, பன்னிரண்டு கட்டில் கொள்ளும் ஒரு ஷெட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டார். இடம், ஹாடோ பக்கத்தில் ஒரு மேடு. மேட்டுக்கு மேற்கே கீழே துறைமுகம், கிழக்கே ரோடும் குன்றும். எங்கள் ஓவர்சியர் கும்பகோணத்துக்காரர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மெயின்லேண்டிலேர்ந்து டிராயிங் வர ஆறு மாசம் ஆகும்யா. நீயே ஏதாவது போட்டுக் கொடு, கையெழுத்து வாங்கிடறேன். இவங்க ஒண்ணும் கம்ப்ளெயின்ட் எழுதற ஆளுங்க இல்ல.”

எனக்கு அந்தக் கடைசி வார்த்தையில் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் என்னை டிராயிங் போடச் சொல்லியிருக்கிறார், அந்தச் சந்தோஷத்தில் காதே கேட்கவில்லை. ஒரு மாதம் காதில் செருகிய பென்சிலோடு திரிந்தேன். ஜெட்டி ஷெட்டைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் போனேன். ஒரு நாளும் இறங்கி, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று ஒருத்தரைக் கேட்கவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், அது போதாதா என்று நினைத்தேன். நம் குடிசையில் என்னென்ன இல்லையோ எல்லாவற்றையும் அதில் வைத்தேன். மழை மேற்கே கடலிலிருந்துதான் அடிக்கும். அதனால் அந்தப் பக்கம் கூரைவரை பலகைச் சுவர், கடலுக்கு முதுகு. கதவும் அதற்கு முன்னால் வராந்தாவும் கிழக்கே, குன்றைப் பார்த்து. நம் வீட்டில் ஒருவர் தும்மினால் மூன்று பேர் விழிப்போம். அதனால் அங்கே கட்டிலுக்குக் கட்டில் தடுப்பு, அதுவும் கூரைவரை. வெளிச்சத்துக்கு மேலே ஒரு சின்னச் சந்து. மூட்டைகள் திருட்டுப் போகாமல் இருக்கப் பூட்டுப் போட்ட அறை. கதவு படாக் மரத்தில், நானே இழைத்தது. வாசலில் மூன்று மொழியில் பலகை: ‘வீடற்ற நோயாளிகள் தங்குமிடம்’. உன் அம்மா ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் போய் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். “ஏங்க, எனக்கு ஒரு காலை ஒடிச்சு விடுங்களேன். நானும் இங்க வந்து படுத்துக்கிடுதேன்” என்றாள். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஓர் அதிகாரி வந்து நாடா வெட்டினார். டீ, பிஸ்கட், போட்டோ. பன்னிரண்டு பேரை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சமைக்க ரோசம்மாவை வைத்தார்கள். என் பிளானில் அடுப்புக்கு இடமில்லை, வெளியே மூன்று கல் வைத்துத்தான் சமைத்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, புருஷன் ஜங்கிலிகாட் துறையில் மீன் பிடிக்கிறவன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன், ஐந்து பேர் இருந்தார்கள். நாலாம் நாள் போனேன். ரோசம்மா மட்டும் ஒரு பானைக் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“வாரும் மிஸ்திரி. பன்னெண்டு பேருக்குக் காச்சியிருக்கேன். நீரும் நானும் ஆளுக்கு ஆறு பேர் கஞ்சி குடிப்போம்.”

“எங்கே எல்லாரும்?”

“எங்க போவாவ? ஜெட்டிக்குத்தான்.”

தங்கராசு, அன்றைக்கு நான் பேசிய பேச்சை இப்போது எழுதக் கை கூசுகிறது. நன்றி கெட்டவர்கள் என்றேன். ஈரத் தரையில் படுத்துப் பழகிய உடம்புக்குக் கட்டில் ஒத்துக்கொள்ளாது என்றேன். இதையெல்லாம் எந்த அதிகாரி சொல்லிக் கேட்டிருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். நானே சொன்னபோது சரியாக இருந்தது போலத் தோன்றியது. அதோடு நிற்கவில்லை. லாரியை மறுபடி வரவழைத்து எல்லோரையும் திரும்பக் கொண்டுவந்து, கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்தேன். சாயங்காலம் ரோசம்மா போகும்போது போட வேண்டும், காலையில் வந்து திறக்க வேண்டும். அவள் மாட்டேன் என்றாள். நானே சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போனேன். பன்னிரண்டு பேரை மரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு தீப்பொறி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மரவேலை செய்கிறவனுக்குத் தோன்றவில்லை. உன் பிளானில் எந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள் என்று நீ குறிக்கவில்லை. முதல் வேலையாக அதைக் குறி.

அந்தப் பன்னிரண்டு பேரில் சுக்ரா என்று ஒருவன். ராஞ்சிப் பக்கத்திலிருந்து மரம் வெட்ட வந்தவன். ஒரு கர்ஜன் மரம் உருண்டு வலது காலில் ஏறியிருந்தது. டாக்டர் அவனைப் பற்றித் தனியாக என்னிடம் சொல்லியிருந்தார்: “முப்பது நாள் இந்தக் கால் தரையில் படக்கூடாது. பட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதுதான்.” தாழ்ப்பாள் போட்ட இரண்டாம் நாள் விடியற்காலை, சாத்தம் தீவு மர மில்லில் சங்கு ஊதியது. தினமும் ஊதுவதுதான். தூக்கத்தில் இருந்த சுக்ரா அதைக் கப்பல் சங்கு என்று நினைத்துக்கொண்டான். கதவைத் தட்டினான், திறக்கவில்லை. தடுப்புப் பலகையில் நான் வரிசையாக அடித்திருந்த சட்டங்களில் கை வைத்து, ஒற்றைக் காலால் ஏறி, வெளிச்சத்துக்கு வைத்த சந்து வழியாக வெளியே குதித்துவிட்டான். ரோசம்மா போட்டிருந்த சேனைக் கிழங்குப் பாத்தியில் விழுந்தான். உறுதியாக அடித்த சட்டங்கள், ஒன்றுகூட ஆடவில்லை. ரோசம்மா காலையில் வந்து பார்த்தபோது தையல் முழுக்கப் பிரிந்திருந்தது. அவள் கதவைத் திறந்துவிட்டதும் மற்றப் பதினோரு பேரும் ஜெட்டிக்கே போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டிய திட்டு வங்காள மொழியில் இருந்ததால் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. சுக்ராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஏன் ஓடினாய்?” என்று இந்தியில் கேட்டேன். இரண்டு மாதத்தில் அவர்களில் ஒருத்தரிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

“மிஸ்திரி பாபு, உன் சுவர் நல்ல சுவர்” என்றான். “நாலு நாள் படுத்துப் பார்த்தேன். அதில் கப்பல் வரவில்லை.”

அவன் பெண்டாட்டி பெயர் சோமரி. ஊரிலிருந்து எந்தக் கப்பலிலாவது வருவாள். எந்தக் கப்பல் என்று தெரியாது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இங்கே அவனைத் தவிர ஒருத்தரையும் தெரியாது. கல்கத்தாக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் போய் நிற்கிறான். ஒரு தடவை போகாமல் விட்டு, அந்தத் தடவை அவள் இறங்கிவிட்டால்? கால் போனால் ஒரு கால்தான், அவளை ஜெட்டியில் நிற்கவிட முடியாது என்றான். நான் எழுந்து மேட்டுக்கு வந்தேன். ஷெட்டில் ரோசம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“இது மொத நாளே எனக்குத் தெரியுமே. எல்லாவனும் கப்பலத்தான் பாக்கணும்ங்கான். ஒருத்தன் போறதுக்கு, ஒருத்தன் ஆள் வாறதுக்கு. அந்தத் தெலுங்குக் கெழவனுக்கு வாறதுக்கும் ஆளில்ல, போறதுக்கும் ஊரில்ல. அவனும் பாக்கணும்ங்கான். மூட்டையப் பூட்டி வச்சிட்டா, கப்பல் வந்தா சாவிய யார்ட்ட போய்க் கேக்க?”

“முதல் நாளே தெரிந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“நீர் எங்க ஆளுககிட்டப் பேசுனீரு? வருவீரு, கதவத் தடவிப் பாப்பீரு, போயிருவீரு.”

அது உண்மை. நல்ல கதவு அது.

ஓவர்சியரிடம் போய், கடல் பக்கச் சுவரைத் திறந்துவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாங்ஷன் ஆன பிளான்யா. கதவு கிழக்குன்னு போட்டிருந்தா கிழக்குதான். நாளைக்கு சூரியன் வேற பக்கம் உதிச்சாலும் கதவு கிழக்கதான் இருக்கும்.” அந்தப் பிளானைப் போட்டவனே நான்தான் என்றேன். கையெழுத்தான பிறகு அது என்னுடையது இல்லை என்றார்.

மரக் கட்டடத்துக்கு மழைக்கு முன்னால் ஒரு தடவை கறையான் எண்ணெய் அடிப்போம் என்பது உனக்குத் தெரியும். பலகையைக் கழற்றி, உள்பக்கம் எண்ணெய் பூசி, காய்ந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். எந்தப் பலகை எந்த இடம் என்று மாறிப்போகாமல் இருக்க, கழற்றும்போதே ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் நம்பர் போடுவோம். அந்த வேலைக்கு அனுமதி தேவையில்லை, வழக்கமான வேலை. நானும் இரண்டு தச்சர்களும் நான்கு சுவரையும் கழற்றினோம். முறையாக நம்பர் போட்டேன். பிறகு ஓர் ஈரத் துணியை எடுத்து, போட்ட நம்பரையெல்லாம் நானே துடைத்தேன். தச்சர்கள் இரண்டு பேரும் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

நாலு நாளில் வீடு திரும்பி நின்றது. கடலுக்கு முதுகாக இருந்த சுவர் குன்றுப் பக்கம் போயிற்று. கதவும் வராந்தாவும் கடல் பக்கம் வந்தன. மழைக்கு ஓலைத் தாழ்வாரத்தை நீளமாக இறக்கினோம். தடுப்பைப் பாதியாக அறுத்தோம். படுத்தால் மறைவு, எழுந்து உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் முகம் தெரியும். பூட்டு அறையை எடுத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் மூட்டை வைக்க ஒரு பெட்டி. வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிக் கடலில் எறிந்தேன். இலாகா சாமான், அதற்கும் பிறகு எழுதிக் கேட்டார்கள். இதில் எதுவும் என் மூளை இல்லை. எல்லாம் ரோசம்மாவும் படுத்திருந்தவர்களும் ஜெட்டியில் உட்கார்ந்து சொன்னது. நான் கேட்டு எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். பதினோரு பேரும் லாரி இல்லாமலே நடந்து வந்தார்கள்.

சுக்ராவின் கால் இன்னும் அவனிடம் இருந்தது. டாக்டர் மறுபடி தைத்து, இதுதான் கடைசித் தடவை என்று சொல்லி அனுப்பினார். வராந்தா ஓரக் கட்டிலில் அவனைப் படுக்கவைத்தோம். துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. பார்த்துவிட்டு, “கப்பல் தெரிகிறது. ஆனால் இறங்குகிறவள் தெரியமாட்டாளே” என்றான். சரி, நான் போய் நிற்கிறேன் என்றேன். அடையாளம் கேட்டேன். நெற்றியில் மூன்று கோடு பச்சை குத்தியிருக்கும் என்றான். போனேன். கப்பலிலிருந்து நெற்றியில் மூன்று கோடு போட்ட பெண்கள் பதினேழு பேர் இறங்கினார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அது உண்டு என்பதைச் சுக்ரா சொல்லவில்லை. ஒவ்வொருத்தியாக நெற்றியை உற்றுப் பார்த்து, “நீ சோமரியா? வா, என்கூட வா, நான் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்” என்று கேட்டுக்கொண்டே போனேன். ஏழாவது பெண் பித்தளைச் சொம்பால் அடித்தாள். நான் சைக்கிளை மிதித்துப் பத்துபஸ்திக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது.

“ஜெட்டியில நின்னு பொம்பளையளை வீட்டுக்குக் கூப்பிடுதியளாமே?” என்றாள் உன் அம்மா. நெற்றி வீக்கத்துக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டேதான் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அரைப்பதை நிறுத்தினாள். “உங்களுக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா? பொம்பளைகிட்ட பொம்பளைதான் கேக்கணும். அடுத்த கப்பலுக்கு நான் போறேன். நீங்க அந்தப் பக்கமே வரப்புடாது.”

இதற்குள் ஓவர்சியர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டார். முதலில் குன்றுப் பக்கம் போய்க் கதவைத் தேடினார். பிறகு சுற்றிக்கொண்டு வந்தார்.

“என்னய்யா இது? வீடு எப்படிய்யா திரும்பும்?”

“நம்பர் அழிஞ்சுபோச்சு சார். மாத்தி மாட்டிட்டோம்.”

“நாலு சுவரையுமா?”

“மழை பெஞ்சிருச்சு சார்.”

“போன வாரம் ஏதுய்யா மழை?”

எழுத்தில் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். சனிக்கிழமைக்குள் பழையபடி திருப்பி வைக்காவிட்டால் வேலை போய்விடும் என்றார். வேலை போனால் குடிசையும் போகும். நாமும் வீடற்றோர் ஆகிவிடுவோம், தங்க நல்ல இடமாகக் கட்டி வைத்திருக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்று எனக்குத் தைரியம் எல்லாம் போய்விட்டது. பன்னிரண்டு பேர் படுத்திருக்கிற வீட்டைத் திருப்பிவிடலாம் என்றே முடிவு செய்து, தச்சர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. முதல் பலகையைக் கழற்றியதும்தான் தெரிந்தது: நம்பர் இல்லை. நானே துடைத்த நம்பர். எது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஓவர்சியரிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. பலகையைத் திரும்ப மாட்டிவிட்டு, சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை கப்பல் வந்தது. உன் அம்மா ஜெட்டிக்குப் போனாள். நான் சுக்ராவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரோட்டில் ஓவர்சியரின் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று என் கையைப் பிடித்தான்.

“மிஸ்திரி பாபு, ஒரு தப்புச் செய்துவிட்டேன். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவனிடம், எனக்கு இங்கே வீடு இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். மேட்டின் மேல், பலகை வீடு.”

“எத்தனை தடவை எழுதினாய்?”

“நாலு வருடமாக.”

ரோசம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சுற்றிப் பார்த்தாள். “மேட்டு மேலதான் இருக்கு. பலகை வீடுதான். பின்ன என்ன?” என்றாள். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் நிறுத்த முடியவில்லை. பதினோரு பேரும் சுக்ராவின் விருந்தாளிகள் என்று முடிவாயிற்று. தெலுங்குக் கிழவர் மட்டும் விருந்தாளியாக இருக்க மறுத்துவிட்டார், சித்தப்பா என்றால் சம்மதம் என்றார். கட்டில் தலைமாட்டில் தொங்கிய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் திருப்பி வைத்தார்கள். கை கட்டுப் போட்ட ஒருவனும் கால் கட்டுப் போட்ட ஒருவனும் சேர்ந்து வாசல் பலகையை இறக்கினார்கள்.

“அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னீயளே, பின்ன இத எதுக்கு எறக்குதிய?” என்று ரோசம்மா கேட்டாள். நான் சுக்ராவிடம் கேட்டேன்.

“அவளுக்குத் தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியுமே” என்றான்.

தங்கராசு, உன் பிளானில் வாசலுக்கு மேல் ஆறடி நீளத்துக்கு ஒரு பெயர்ப் பலகை வரைந்திருக்கிறாய். யோசித்துக்கொள்.

உன் அம்மா மேடேறி வந்தாள். பின்னால் ஒல்லியாக, கறுப்பாக ஒருத்தி. தலையில் மூட்டை, கையில் சொம்பு. சொம்பைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன். நல்லவேளை, இது வேறு சொம்பு. சோமரி வாசலில் நின்று சுக்ராவைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கட்டில்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டு. மற்ற ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு விருந்தாளி கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். சித்தப்பா மட்டும் கை தூக்கி ஆசீர்வாதம் செய்தார். அவள் மூட்டையைச் சுக்ராவின் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ரோசம்மாவின் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கி, பெருக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஜீப் வந்தது. ஓவர்சியர் பூட்ஸ் நிறையச் சேற்றோடு, “மிஸ்திரி!” என்று கத்திக்கொண்டே வராந்தாவில் ஏறினார். சோமரி வாசலை மறித்து நின்றாள். விளக்குமாறு கையில் இருந்தது. அவர் காலைக் காட்டி, “ஜூத்தா!” என்றாள்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். “யாருய்யா இது?”

“வீட்டுக்காரம்மா சார்.”

“எந்த வீட்டுக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் விளக்குமாற்றால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள். அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். கழற்றியபோது சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. உட்கார நாற்காலி இல்லை, சுக்ராவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப முடியாதல்லவா, சோமரி ஒரு கிண்ணம் கஞ்சியை அவர் கையில் வைத்தாள். குடித்தார். கீழே கப்பல் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். “இங்கேர்ந்து நன்னா தெரியறதுய்யா” என்றார். “பதினாலு மாசமா லீவு கேட்டுண்டிருக்கேன். குழந்தை முகமே மறந்துடுத்து.” கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்வரை வெறுங்காலோடு நடந்தார். அவர் எழுதிய உத்தரவு இன்னும் என்னிடம் இருக்கிறது. மிஸ்திரி கவனக்குறைவானவர், பதவி உயர்வு நிறுத்தப்படுகிறது. கட்டடத்தை மறுபடி இதே ஆளிடம் கொடுத்தால் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாததால், இருக்கிறபடியே இருக்கட்டும்.

உன் பிளானில் டாக்டர் வருவதற்கு வழி இருக்கிறது, மருந்து வண்டி வருவதற்கு வழி இருக்கிறது, பார்வையிட வருகிற அதிகாரிக்குத் தனி அறையே இருக்கிறது. அந்த அதிகாரியைப் பார்த்துச் செருப்பைக் கழற்று என்று சொல்லும் தைரியம் உள்ளே படுத்திருப்பவனுக்கு எந்த இடத்தில் நின்றால் வரும்? என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. உன் ஆஸ்பத்திரி வாசல் பிளாட்பாரத்தில் போய் உட்கார். ஒரு நாள் போதாது. அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார். யார் வருவார்கள் என்று கேள். வருகிறவள் எங்கே உட்காருவாள் என்று கேள். திட்டுவார்கள், வாங்கிக்கொள். சொம்பால் அடித்தால் உன் அம்மாவுக்கு எழுது, மஞ்சள் அனுப்புவாள்.

அன்று சாயங்காலம் உன் அம்மாவும் சோமரியும் கிணற்றடியில் பாத்திரம் கழுவினார்கள். உன் அம்மாவின் இந்தியும் சோமரியின் இந்தியும் ஒன்றையொன்று எப்படிப் புரிந்துகொண்டன என்று எனக்குத் தெரியவில்லை. வீடு பிடித்திருக்கிறதா என்று உன் அம்மா கேட்டிருக்கிறாள். சோமரி சிரித்தாளாம். “பன்னிரண்டு கட்டில் போட்டவன் ஒரு அடுப்பு போட்டிருக்க மாட்டானா? அவனுக்கு வீடு இல்லை என்று ஜெட்டியில் உன்னைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். நான் சொன்னதாக அவனிடம் சொல்லாதே. முதலில் கால் ஆறட்டும். அப்புறம் பொய் சொன்னதற்கு அவனை அடித்துக்கொள்கிறேன்.”

மறுபடி தைத்த முப்பத்தாறாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். எழுந்து நட என்றார். சுக்ரா வராந்தாவில் இறங்கி நாலு அடி நடந்தான். ஐந்தாவது அடியில் ஓட ஆரம்பித்தான். பதினோரு பேரும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார்கள். விளக்குமாற்றோடு சோமரி பின்னால் ஓடினாள். மேட்டை இரண்டு தடவை சுற்றினான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “வலது கால் நன்றாக வேலை செய்கிறது” என்று சீட்டில் எழுதினார்.

இப்படிக்கு,
உன் அப்பா